சிவப்பணுவின் வாசலிலேயே மலேரியாக் கிருமியைத் தடுக்கும் மருந்து: நம் கடல் பாசியில் இருக்கிறதா?

1. தங்கச்சிமடம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் தங்கச்சிமடத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். என் அம்மா சிறு வயதிலிருந்தே பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள் மூழ்கிப் பாசி பறித்து வரும் பெண்களிடையே இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது. கட்டக்கோரை என்ற பாசியில் மலேரியாவுக்கு மருந்து இருப்பதாக வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும், அதைக் காய்ச்சிக் குடித்தால் குளிர்காய்ச்சல் அண்டாது என்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

முதலில் வதந்தி என்றே நினைத்தேன். தேடிப் படித்தபோது, மலேரியா ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைவதையே தடுக்கும் பொருள்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் தேடி வருகிறார்கள் என்பதும், அந்தத் தேடலில் கடல் பாசிக்கும் ஓர் இடம் உண்டு என்பதும் தெரிந்தது. ஆனால் படித்தவற்றில் பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை.

கேட்பதற்குக் காரணம் என் தம்பி. குஜராத்தில் வெராவல் துறைமுகத்தில் விசைப்படகில் வேலை பார்க்கும் அவனுக்கு ஓர் ஆண்டுக்குள் இரண்டு முறை காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு முறையும் இரத்தத் தடவல் சோதனையில் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா என்றே தெரிந்தது. அம்மா அவனுக்காகக் கட்டக்கோரையைக் காய வைத்து எடுத்து வைத்திருக்கிறார். அவரிடம் என்ன சொல்வது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

2. மண்டபம் ஆய்வு மாணவி

அக்கா, நான் ஒட்டுண்ணியியலில் ஆய்வு செய்கிறேன். சொந்த ஊர் மண்டபம். பாசிக்கு வருவதற்கு முன் "நுழைவதைத் தடுப்பது" என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பாசியைப் பற்றிப் பேசினால் தவறான முடிவுக்கே போய்ச் சேர்வோம்.

கொசு கடித்ததும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே பெருகுகிறது. பிறகு மெரோசோயிட் என்ற மிகச் சிறிய வடிவத்தில் இரத்தத்துக்குள் இறங்குகிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றே கூடுதல். ஒரு சிவப்பணுவைக் கண்டு, ஒட்டி, புரண்டு, முனைப்பகுதியை அதன் மேல் பதித்து உள்ளே போவதற்கு அது எடுத்துக்கொள்வது ஏறக்குறைய ஒன்றிரண்டு நிமிடம்தான். சில நிமிடங்களுக்குள் அணு எதுவும் கிடைக்காவிட்டால் அது நுழையும் திறனையே இழந்துவிடும். உள்ளே போய்விட்டால் 48 மணி நேரம் நம் நோயெதிர்ப்பு ஆற்றலின் கண்ணில் பெரும்பாலும் படாமல் வளர்ந்து, அணுவை உடைத்துக்கொண்டு, ஃபால்சிபாரம் என்ற மற்றொரு மலேரியா வகையில் 16 முதல் 32 வரையான குஞ்சுகளாக வெளியே வருகிறது. முறைவைத்து வரும் குளிரும் காய்ச்சலும் அந்த உடைப்பின் விளைவுதான்.

இன்றைய மலேரியா மருந்துகளில் ஏறக்குறைய எல்லாமே உள்ளே குடியேறிவிட்ட ஒட்டுண்ணியைத்தான் தாக்குகின்றன. குளோரோகுயினும் ஆர்ட்டிசூனேட்டும் அப்படிப்பட்டவையே. குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் இந்தியாவில் முதன்முதலாக 1973-இல் அசாமில் தென்பட்டது. ஆர்ட்டிசூனேட் போன்ற ஆர்ட்டெமிசினின் வகை மருந்துகளுக்கு மெதுவாகவே அடங்கும் ஒட்டுண்ணிகள் முதலில் கம்போடியாவிலும், பிறகு ருவாண்டா, உகாண்டா, எரித்திரியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் பரவியுள்ளன. வேறு இடத்தில், வேறு விதமாக அடிக்கும் மருந்து ஒன்று வேண்டும் என்ற தேவை அதனால்தான் எழுந்தது. ஒட்டுண்ணி வெளியே, பாதுகாப்பின்றி நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் இந்த ஆய்வின் களம்.

3. பாம்பன் பாலத்தடி

சகோதரி, எளிமையாகச் சொன்னீர்கள், நன்றி. ஒரு சந்தேகம். கள்ளன் நுழையும் வாசல் எது என்று தெரிந்துவிட்டால் அந்த வாசலை நம் பக்கம் பூட்டிவிடலாமே? சிவப்பணுவின் மேல் இருக்கும் அந்தப் பிடிமானத்தை ஒரு மருந்தால் மூடிவிட்டால் வேலை முடிந்தது அல்லவா?

4. மண்டபம் ஆய்வு மாணவி

அண்ணன், இயற்கையே அப்படி ஒரு பூட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் டஃபி என்ற புரதம் இருப்பதில்லை. அவர்களை வைவாக்ஸ் எளிதில் தொற்றுவதில்லை என்பதை 1976-இல் லூயி மில்லரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். பிற்காலத்தில் மடகாஸ்கர் போன்ற இடங்களில் டஃபி இல்லாதவர்களிடமும் வைவாக்ஸ் காணப்பட்டதால் அந்தப் பூட்டு முழுமையானதன்று என்று தெரிந்தது. ஆனாலும் வாசலை மூடுவது வீண் கற்பனை இல்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஃபால்சிபாரத்தின் நிலை வேறு. அதற்கு வாசல்கள் பல. சிவப்பணுவின் மேலுள்ள புரதங்களில் கிளைக்கோஃபோரின் வழியாக ஒன்று, நிரப்பு ஏற்பி வழியாக ஒன்று என்று மாற்றுப் பாதைகளை வைத்திருக்கிறது. ஒன்றை அடைத்தால் அடுத்ததைப் பயன்படுத்தும். எல்லாப் பாதைக்கும் பொதுவாக ஒரு பிடிமானம் உண்டா என்று தேடியவர்களுக்கு 2011-இல் விடை கிடைத்தது. ஒட்டுண்ணியின் ஆர்.எச்.5 என்ற புரதம் சிவப்பணுவின் பேசிஜின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பிடி விழாவிட்டால், சோதித்த எந்த ஃபால்சிபாரம் வகையாலும் உள்ளே போக முடியவில்லை. ஆர்.எச்.5-ஐ வைத்துச் செய்த தடுப்பூசி ஒன்று புர்கினா ஃபாசோவில் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, சிறப்பாக வேலை செய்த கால அட்டவணையில் 55 விழுக்காடு பாதுகாப்புத் தந்தது என்று 2024-இல் வெளிவந்தது.

நம் பக்கம் பூட்டுவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒட்டுண்ணி தன்னை மாற்றிக்கொள்ளும், நம் அணு அவ்வளவு எளிதில் மாறாது. ஆனால் பேசிஜின் சிவப்பணுவில் மட்டும் இருப்பதன்று. உடலின் பல உறுப்புகளில் தனக்கென வேலை உடையது. ஒட்டுண்ணியை விரட்டுவதற்காக அதை மூடினால் மற்ற இடங்களிலும் மூடிவிடுவோமே என்ற கவலை நீங்கவில்லை.

5. கீழக்கரை மருந்தாளுநர்

நான் ஓய்வு பெற்ற மருந்தாளுநர். இந்த ஆய்வுகளை மதிக்கிறேன், ஆனாலும் ஒரு கேள்வியை வைக்காமல் இருக்க முடியவில்லை. தனுஷ்கோடியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் இலங்கையின் தலைமன்னார். அந்த நாட்டில் 1963-இல் மலேரியா 17 பேர் என்ற அளவுக்கு இறங்கி, கண்காணிப்பு தளர்ந்ததும் 1968, 1969 ஆண்டுகளில் பெருந்தொற்றாகத் திரும்பி வந்தது. பிறகு மீண்டும் போராடி, 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டுத் தொற்று ஒன்றுகூட இல்லை என்ற நிலையை எட்டி, 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றையும் உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற்றுவிட்டார்கள். இதற்கு எந்தப் புது மருந்தும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் இரத்தத் தடவல், வலை, தெளிப்பு, முழுச் சிகிச்சை, விடாத கண்காணிப்பு ஆகியவைதாம் அதைச் செய்தன.

இரண்டாவது, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து. அது மெரோசோயிட் நுழைவதைத் தடுக்கும் என்பது ஆய்வகத்தில் நன்கு நிறுவப்பட்டது. கடுமையான மலேரியாவில் இரத்தம் உறைவதைத் தடுப்பதற்காக ஒரு காலத்தில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். இரத்தக்கசிவு ஏற்பட்டதால் கைவிட்டார்கள். ஆய்வகக் குழாயில் வெற்றி பெறுவதும் மனித உடலில் வெற்றி பெறுவதும் ஒன்றல்ல. நாற்பது ஆண்டுகள் மருந்துக் கடையில் நின்ற எனக்கு இந்த வேறுபாடுதான் முதலில் கண்ணில் படுகிறது.

6. மண்டபம் ஆய்வு மாணவி

ஐயா, இலங்கையைப் பற்றி நீங்கள் சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் வென்ற காலத்தில் அவர்கள் கையிலிருந்த மருந்துகள் வேலை செய்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், அதிலும் ஐந்து வயது நிறையாத பிள்ளைகள். அங்கே ஆர்ட்டெமிசினின் கைவிட்டால் அடுத்தது என்ன என்ற கேள்விக்கு இப்போதே விடை தேடியாக வேண்டும்.

ஹெப்பாரினை நீங்கள் எடுத்தது நல்லது, ஏனென்றால் பாசியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஹெப்பாரின் என்பது கந்தகம் கலந்த நீண்ட சர்க்கரைச் சங்கிலி. மெரோசோயிட்டின் மேற்பரப்புப் புரதங்களில் அது ஒட்டிக்கொள்வதால், அணுவைத் தொட்டு நிலைகொள்ளும் முதல் கட்டமே கலைந்துவிடுகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குணத்தை மட்டும் நீக்கி, மீதியை வைத்துக்கொண்டால் என்ன என்று எண்ணி உருவாக்கியதுதான் செவுபாரின். அதைத் தாய்லாந்தில் மலேரியா நோயாளிகளுக்கு நரம்பு வழியாகச் செலுத்திச் சோதித்தார்கள். நுழைவு தடைபடுவதற்கான அறிகுறி மனிதரிடமே தெரிந்தது, ஆனால் அந்தப் பலன் சிறிது நேரமே நீடித்தது.

கடல் பாசிகளிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சர்க்கரைகள் உள்ளன. நம் பக்கம் கயிற்றிலும் மிதவையிலும் வளர்க்கும் கப்பாபைகஸிலிருந்து கிடைக்கும் காராஜீனனும், கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் இருக்கும் ஃபியூகாய்டனும் கந்தகம் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகளே. ஜப்பானியர் உண்ணும் வகாமே என்ற பழுப்புப் பாசியின் ஃபியூகாய்டன் ஆய்வகக் குழாயில் ஃபால்சிபாரம் நுழைவதைத் தடுத்தது என்று 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. பிரேசிலில் ஒரு கடல் அட்டையிலிருந்து எடுத்த இதையொத்த பொருளும் அப்படியே செய்தது என்று 2014-இல் எழுதினார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் அட்டையைத் தேடிப் போக வேண்டாம். நம் நாட்டில் கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.)

ஆகவே, அக்கா, உங்கள் அம்மா கேட்ட பேச்சு வெறும் புரளி அன்று; அதன் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் காய்ச்சிக் குடிப்பதால் பயன் இல்லை. இந்தச் சங்கிலிகள் மிகப் பெரியவை, குடல் சுவரைத் தாண்டிப் போதிய அளவில் இரத்தத்துக்குள் போகாதவை. ஊசியாகச் செலுத்தினால் ஹெப்பாரினைப் போலவே உறைதலைக் குலைக்கும் ஆபத்து உண்டு. பாசி இங்கே மருந்தாக வரவில்லை. எந்த இடத்தைத் தொட்டால் ஒட்டுண்ணி தடுமாறும் என்பதைக் காட்டிக் கொடுக்கும் துப்பாக வந்திருக்கிறது.

7. இராமேஸ்வரம் சுகாதார ஆய்வாளர் (ஓய்வு)

இந்தத் தீவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

நம் தீவு மலேரியா ஆய்வில் தனியிடம் பெற்றது. அனாபிலஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசுவில் ஏ, பி, சி, டி என்று நான்கு உறவினங்களைத்தான் முன்பு அறிந்திருந்தார்கள். அவற்றில் பி இனம் நோயை நன்றாகக் கடத்தாது. ஆனால் பி இனமே இருப்பதாக நினைத்த இராமேஸ்வரத்தில் மலேரியா ஓயாமல் இருந்தது எப்படி என்பது புதிராகவே நின்றது. கூர்ந்து பார்த்தபோது இங்கே இருந்தது வேறோர் இனம் என்று தெரிந்து, 1999-இல் அதற்கு ஈ இனம் என்று பெயரிட்டார்கள். கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளரும் ஸ்டீஃபன்சி கொசுவும் இங்கே உண்டு. அதே ஸ்டீஃபன்சி 2012-இல் ஜிபூட்டியில் தென்பட்டு, இன்று ஆப்பிரிக்க நகரங்களை அச்சுறுத்துகிறது.

இந்தக் கடற்கரையில் நாங்கள் பெரும்பாலும் கண்டது வைவாக்ஸ். அது கல்லீரலில் உறங்கும் வடிவம் ஒன்றை விட்டுவைக்கும். வாரங்கள், மாதங்கள் கழித்து அது விழித்தெழும். ஆசிரியை அம்மா, உங்கள் தம்பிக்கு இரண்டாம் முறை வந்தது புதுக் கொசுக்கடியால் இல்லாமல் பழைய தொற்று விழித்ததாகவே இருக்கலாம். குளோரோகுயின் மூன்று நாள் கொடுத்தால் காய்ச்சல் நின்றுவிடுகிறது. ஆனால் உறங்கும் வடிவத்தைக் கொல்ல பிரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். நான்காம் நாள் உடம்பு தேறி, ஐந்தாம் நாள் படகு ஏறியவர்களை எண்ணி முடியாது. மாத்திரை அட்டையில் பாதி மிஞ்சியிருக்கும், ஆள் கடலில் இருப்பார்.

எனவே ஆய்வு மாணவியிடம் கேட்கிறேன். நீங்கள் சொல்லும் வாசல் மருந்து, ஏற்கெனவே உள்ளே உறங்குகிறதே, அதை என்ன செய்யும்?

8. மண்டபம் ஆய்வு மாணவி

ஐயா, அதை ஒன்றும் செய்யாது. விழித்தெழுந்து இரத்தத்துக்குள் இறங்கும் ஒட்டுண்ணியை வாசலில் நிறுத்தலாம். உறங்குவதை எழுப்பவும் முடியாது, கொல்லவும் முடியாது. அதற்கு பிரைமாகுயினோ டஃபெனோகுயினோதான் வேண்டும். மேலும் ஆர்.எச்.5 ஃபால்சிபாரத்தின் புரதம். வைவாக்ஸ் வேறு வாசல் வழியாக, அதுவும் பெரும்பாலும் இளம் சிவப்பணுக்களுக்குள்தான் நுழைகிறது. ஒன்றுக்குச் செய்த பூட்டு மற்றதற்குப் பொருந்தாது. வைவாக்ஸை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க இன்னும் நம்பகமான வழி இல்லாததால், ஆய்வின் பெரும்பகுதி ஃபால்சிபாரத்தின் மேலேயே நிற்கிறது. நம் ஊர்க்காரர் இதில் குறைப்பட்டுக்கொள்வதற்கு நியாயம் உண்டு.

அதனால்தான் வாசலை விட்டு, எல்லா வகை ஒட்டுண்ணிக்கும் பொதுவான உட்பொறியைத் தாக்கும் வழியில் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒட்டுண்ணி உள்ளே போவதற்கு மூன்று காரியம் நடக்க வேண்டும். ஒன்று, தன் முனையிலுள்ள சிறு பைகளிலிருந்து புரதங்களைச் சுரக்க வேண்டும். அவற்றில் ஆர்.ஓ.என்.2 என்பதை நம் சிவப்பணுவின் சவ்வில் தானே செருகி, தன் மேலுள்ள ஏ.எம்.ஏ.1 என்ற புரதத்தால் அதைப் பற்றிக்கொள்கிறது. வாசலையும் தாழ்ப்பாளையும் தானே கொண்டு வந்து நம் சுவரில் பொருத்திக்கொள்வதைப் போன்றது இது. இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை. இரண்டாவது, ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் சேர்ந்த ஓர் இயந்திரம் அதை உள்ளே தள்ள வேண்டும். மூன்றாவது, இந்தப் புரதங்களெல்லாம் வேலைக்குத் தக்கபடி முன்கூட்டியே வெட்டித் திருத்தப்பட்டிருக்க வேண்டும்.

முதல் காரியத்தைக் குலைக்க ஆர்1 என்ற சிறு பெப்டைடு (புரதத் துண்டு) கிடைத்தது. சில வகை ஃபால்சிபாரத்தில் அருமையாக வேலை செய்தது, வேறு சில வகைகளில் ஏ.எம்.ஏ.1 சற்றே மாறியிருந்ததால் பிடிக்கவில்லை. அகலமாக, தட்டையாக இரண்டு புரதங்கள் ஒட்டும் இடத்தில் சிறிய மாத்திரை மூலக்கூறு ஒன்றை நுழைத்துப் பிரிப்பது மிகக் கடினம்.

மூன்றாவது காரியத்தில்தான் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. வெட்டித் திருத்தும் வேலையைச் செய்பவை பிளாஸ்மெப்சின் 9, பிளாஸ்மெப்சின் 10 என்ற இரண்டு நொதிகள். 2017-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. பத்தாவதை முடக்கினால் ஒட்டுண்ணியால் பழைய அணுவை விட்டு வெளியேறவே முடிவதில்லை. தப்பி வெளியேறினாலும் புதிய அணுவுக்குள் நுழைய முடிவதில்லை. ஒன்பதாவதை முடக்கினால் நுழைவு நின்றுபோகிறது. மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனமும் எம்.எஸ்.டி. மருந்து நிறுவனமும் சேர்ந்து, இரண்டு நொதிகளையும் ஒருசேர முடக்கும் டபிள்யூ.எம்.382 என்ற பொருளை 2020-இல் வெளியிட்டன. எலிகளில் அது வாய்வழி மருந்தாகவே தொற்றை நீக்கியது, கொசுவுக்குக் கடத்தப்படுவதையும் தடுத்தது. இரண்டு நொதியும் ஒரே நேரத்தில் மாறினால்தான் ஒட்டுண்ணி தப்ப முடியும் என்பதால், எதிர்ப்பு உண்டாக்க முயன்றபோதும் அது எளிதில் உண்டாகவில்லை. அதே வழியில் வந்த எம்.கே.7602 என்ற மருந்து மனிதரிடம் முதற்கட்டச் சோதனைக்குப் போயிருக்கிறது.

9. பாம்பன் பாலத்தடி

அப்படியானால் அது வந்ததும் ஆர்ட்டிசூனேட் தேவையில்லை என்று கொள்ளலாமா?

10. மண்டபம் ஆய்வு மாணவி

கொள்ள முடியாது, அண்ணன். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உடைந்த ஓர் அணுவிலிருந்து ஏறக்குறைய 20 குஞ்சுகள் வெளிவந்து, அவற்றில் 10 மட்டும் புதிய அணுக்களில் நுழைவதாக வைத்துக்கொள்வோம். 48 மணி நேரத்தில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கை பத்து மடங்காகிறது. மருந்து 90 விழுக்காடு நுழைவைத் தடுத்தால், பத்துக்கு ஒன்றுதான் நுழையும். ஆனால் அந்த ஒன்று, இறந்த பழைய ஒன்றுக்கு ஈடாகிவிடும். எண்ணிக்கை கூடாது, குறையவும் குறையாது. 99 விழுக்காடு தடுத்தால்தான் ஒவ்வொரு சுழற்சிக்கும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆய்வகத்தில் "90 விழுக்காடு தடுத்தது" என்று வரும் செய்தியைப் படித்து மகிழும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒட்டுண்ணியை இந்த மருந்து உடனே தொடாது. மூளை மலேரியாவில் நினைவிழந்து கிடக்கும் நோயாளிக்கு அடுத்த உடைப்பு வரை காத்திருக்க நேரம் இருக்காது. ஊசியாகச் செலுத்தும் ஆர்ட்டிசூனேட்டைப் போல விரைந்து கொல்லும் மருந்துதான் அவரைக் காக்கும். அதோடு, உடைப்பு நிகழும் அந்தச் சில நிமிடங்களில் மருந்து இரத்தத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், பல சுழற்சிகளுக்கு நீடித்து நிற்பதாக அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. விரைந்து கொல்லும் ஒன்றோடு சேர்ந்த இணை மருந்தாகவோ, நோய் வருமுன் காக்கும் மருந்தாகவோ வருவதே இதற்குப் பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன்.

11. கீழக்கரை மருந்தாளுநர்

இந்தக் கணக்கு என் ஐயத்தைப் பாதி தீர்த்தது, நன்றி மகளே. வருமுன் காக்கும் மருந்து என்ற இடத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. எங்கள் ஊரிலிருந்து தொழிலுக்காக வெளிநாடு போகிறவர்கள் பலர். மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவருக்கு இன்று தினமும் அல்லது வாரந்தோறும் மாத்திரை எழுதித் தருகிறோம், இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறார்கள். பருவத்துக்கு ஒரு முறை என்ற அளவில் நிற்கும் மருந்து கிடைத்தால் அதை வரவேற்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்.

12. மண்டபம் ஆய்வு மாணவி

ஐயா, அந்தத் திசையில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கல்லீரலுக்குள் நுழையும் முந்தைய வடிவத்தைப் பிடிக்கும் சி.ஐ.எஸ்.43.எல்.எஸ். என்ற எதிர்ப்புரதத்தை மாலி நாட்டில் பெரியவர்களுக்கு ஒரே முறை நரம்பு வழியாகச் செலுத்தியபோது, கூடிய அளவு பெற்றவர்களிடம் ஆறு மாதத்துக்கு 88 விழுக்காடு பாதுகாப்பு கிடைத்தது என்று 2022-இல் வெளிவந்தது. ஆனால் அதுவும் ஃபால்சிபாரத்துக்கு மட்டும்தான்.

13. இராமேஸ்வரம் சுகாதார ஆய்வாளர் (ஓய்வு)

ஆசிரியை அம்மா, தம்பி ஊரில் இருக்கும்போதே ஜி.6.பி.டி. என்ற நொதி போதிய அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைவில்லை என்றால், மருத்துவர் எழுதும் அளவில் 14 நாளும் உணவுக்குப் பின் கொடுங்கள். சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள்.

14. தங்கச்சிமடம் ஆசிரியை

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. சோதனை முடிவு வந்துவிட்டது. நொதிக் குறைபாடு இல்லை. முதல் முறை மாத்திரையை ஆறாம் நாளோடு நிறுத்திவிட்டதாகத் தம்பி இப்போதுதான் ஒப்புக்கொண்டான். இம்முறை அட்டை அம்மாவின் கையில் இருக்கிறது. இன்று ஒன்பதாவது மாத்திரை. பதினான்காம் நாள் முடியும் வரை வெராவலுக்கு வர முடியாது என்று படகு முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான்.

பாசி விஷயத்தை அம்மாவிடம் விளக்கினேன். குடிப்பதால் பயன் இல்லை என்பதை உடனே ஏற்றுக்கொண்டார், ஆனால் வேறொன்று கேட்டார்: "ஜப்பான் பாசியைச் சோதித்தவர்கள் நம் கட்டக்கோரையைச் சோதித்தார்களா? எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்), எந்த மாதத்தில் எடுத்தது என்று பார்த்தார்களா? அதற்குத் தக்கபடி பாசியின் சத்து மாறுமே." தங்கையே, இதற்கு என்னிடம் விடை இல்லை.

15. மண்டபம் ஆய்வு மாணவி

அம்மா சொல்வது முற்றிலும் சரி, அக்கா. ஃபியூகாய்டனின் அளவும் அதில் ஏறியிருக்கும் கந்தகத்தின் அளவும் பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும்; நுழைவைத் தடுக்கும் ஆற்றலும் கந்தகத்தைப் பொறுத்தே கூடிக் குறைகிறது. அம்மா காய வைத்திருக்கும் கட்டக்கோரையில் ஒரு கிலோ எனக்கு வேண்டும். எடுத்த பார், எடுத்த மாதம், அன்று வளர்பிறையா தேய்பிறையா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது தங்கச்சிமடத்தில் இறங்கி வாங்கிக்கொள்கிறேன். அடுத்த பருவத்திலும் அதே பாரில் எடுத்துத் தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள்.